சாட்சி மேலே பார்த்தார்

உட்துறைமுக வீதி விடுதியில்
இரண்டு நாள் பயிற்சி.
கழுத்தில் பெயரட்டை, பகல் சாப்பாட்டில் அறுக்குளா,
கதிரைகள் வட்டமாக.
சட்டத்தரணிகள் பதினொரு பேர்,
மத்தியஸ்த சபைக்காரர் இருபது பேர்.
மேசை இல்லாததால்
கைகளை எங்கே வைப்பதென்று
எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மட்டக்களப்பிலிருந்து வந்த யோகசங்கரி
முதலில் ஒரு கதிரையைத்தான் திருப்பினார்.
"வாசலுக்கு முதுகு காட்டி யாரையும் இருத்தாதீங்க."
எழுதிக்கொண்டேன்.
பத்தொன்பது வருடத் தொழிலில்
கதிரையைப் பற்றி நான் எழுதிய முதல் குறிப்பு.

நான்கு எண்ணி மூச்சை இழுக்கச் சொன்னார்.
"ஆட்சேபனை" என்றார் பின்வரிசைச் சட்டத்தரணி.
சிரித்தோம், இழுத்தோம்.

பிறகு சொன்னார்:
நடந்தது திகதியோடு வராது.
மணத்தோடு வரலாம், ஒரு துணியின் நிறத்தோடு வரலாம்,
வால் முதலில், தலை பிறகு.
சில நேரம் வராமலே
படலையடியில் நின்றுகொண்டிருக்கும்.

பேனையை மூடினேன்.

தங்கரூபி.
சம்பூர்க் காணி, வடக்கெல்லை வழக்கு.
நான் எதிர்த்தரப்பு.
"வீட்டை விட்டுப் போனது ஏப்ரல் என்று
போன தவணை சொன்னீர்கள். இன்றைக்கு ஓகஸ்ட்.
எது பொய்?"
அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.
பழைய விசிறி. சுற்றுக்கு ஒரு தட்டு,
தட்டுக்கு அவள் தோளில் ஒரு துடிப்பு.
பதிவில் இருக்கட்டும் என்றேன்.
இருக்கிறது, நாற்பத்திரண்டாம் பக்கம்:
சாட்சி மேலே பார்த்தார். சாட்சி மௌனம்.
அந்தப் பக்கத்தால் வென்றேன்.
கட்சிக்காரர் தம்பலகாமத்துத் தயிர்
இரண்டு சட்டி கொண்டுவந்தார்.
நல்ல தயிர்.

இரண்டாம் நாள் பின்னேரம் கரண்ட் போனது.
தலைக்கு மேல் இருந்த இரைச்சல்
சுற்றுச் சுற்றாக இறங்கி நின்றது.
கோமரங்கடவல பியரத்ன,
நேற்றிலிருந்து வாய் திறக்காத மனிதர்,
நீளமாக மூச்சு விட்டார்.
எண்ணாமல் விட்ட மூச்சு.
"வீட்டில ஃபேன் போடுறதில்ல நான்,"
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.
"போட்டா முத்தத்தில கால் சத்தம் கேக்காது."

எந்த வருடம் என்று கேட்க வாயெடுத்தேன்.
கிண்ணியா றிஸ்மியா
முழங்கையால் என் விலாவில் இடித்தார்.
கேட்கவில்லை.
அந்தப் பயிற்சியில்
எனக்குச் சரியாக வந்தது அதொன்றுதான்,
அதுவும் இன்னொருத்தியின் முழங்கையால்.

வெளியே ஒரு மான்
லன்ச் சீற்றை மென்றுகொண்டு நின்றது.
வாய்க்கு ஒரு வேலை, காதுக்கு வேறு வேலை.

அன்றிரவு பழைய கோப்பைத் தேடியெடுத்து
தங்கரூபியின் இலக்கத்துக்கு அடித்தேன்.
பாவனையில் இல்லை என்றது, மூன்று மொழியிலும்.
கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது,
ஒளிக்க மாட்டேன்.
மேன்முறையீட்டுக் காலமும் கடந்த பிறகு
மன்னிப்பை எந்தப் படிவத்தில் கேட்பது?

திங்கட்கிழமை, மாவட்ட நீதிமன்றம்.
வேறு வழக்கு, வேறு பெண், குச்சவெளி.
இம்முறை என் சாட்சி.
கூண்டில் ஏறியதும்
அவள் கண் மேலே போனது.

எழுந்தேன்.
"கனம் நீதிபதி அவர்களே,
விசிறியை நிறுத்த அனுமதி வேண்டும்."
"காரணம்?"
காரணத்தைச் சொன்னால்
அவளைச் சபையில் பிரித்து வைத்ததாகும்.
"எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை," என்றேன்.

சித்திரை வெயில், கறுப்புக் கோட்டுகள்.
ஒரு நிமிடத்துக்குள்
ஈட்டு வழக்கு, தாபரிப்பு வழக்கு, வாடகை வழக்கு
எல்லாக் கோப்பும் விசிறியானது.
எதிர்த்தரப்புக்காரர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தி
சத்தமில்லாமல் என்னைத் திட்டினார்.
உதடு வாசிக்க எனக்குத் தெரியும்.

அவள் இன்னும் பேசவில்லை.
சுருக்கெழுத்துப் பிள்ளை விரலைத் தூக்கியபடி
என்னைப் பார்த்தது:
மௌனம் என்று போடவா?

தண்ணீர்க் கிளாசைக்
கூண்டின் விளிம்பில் வைத்தேன்.
"பொறுங்கள்," என்றேன்,
"அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை."